ஒன்று கூடல்

வங்கி இல்லாத சனிக்கிழமை.
நோர்வூட் சந்தியில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினோம்,
ஒன்பது பேர்.
எண்ணியவள் நான். மூன்றாம் கவுண்டர்.
பதினோரு வருடமாய் பிறர் காசை
இரண்டு தரம் எண்ணிக் கொடுக்கிறவள்.

தில்ருக் கையில் பழைய கலண்டர் தாள்:
எந்த நாட்டு ஏரியோ, கரையெல்லாம் செம்பழுப்பு இலை.
"ஒக்டோபர்ல அங்க இப்படியாம்.
நம்மட மலையில எப்ப கொட்டும்?"
"கொட்ட விட்டாத்தானே" என்றாள் விமலேஸ்வரி.
"வாரத்துக்கு ஒருக்கா பிடுங்கிருறாங்களே."
சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை;
காலுறைக்கு மேல்
சவுக்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காசல்ரீ நிரம்பிக் கிடந்தது.
மாசியில் தெரியும் செம்மண் வரி
ஐப்பசித் தண்ணீருக்குள் போயிருந்தது.
கிருபாகரனின் போனில் ஒரு நீலக்கோடு,
அது சொன்ன இடமெல்லாம் ஏறினோம்.
கவ்வாத்து வெட்டிய மலை, குச்சி குச்சியாய்.
அட்டைகளுக்கு எங்களைப் பிடித்திருந்தது,
ரிஸ்மியாவைக் கூடுதலாக.
கணக்காளர் பொன்னுத்துரை தன் காலில் மட்டும் பதினொன்று என்று
சிட்டையில் எழுதிக்கொண்டார்.

மலைமுதுகில் மூட்டம் வந்தது.
வந்தது என்பது சரியில்லை.
மற்றதெல்லாம் போனது.
டர்பன்டைன் மரங்கள் போயின.
பொன்னுத்துரையின் தொப்பி போனது.
இந்தப் பக்கம் காசல்ரீ, அந்தப் பக்கம் மவுஸ்ஸாகலை,
நடுவே நிற்கிறோம் என்றது போன்.
கண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எண்ணுங்க சந்திரமதி."
தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
பத்து.
திரும்ப எண்ணினேன். பத்து.
குறைந்தால் கைக்காசு போட்டு மூடலாம்.
கூடினால்தான் எங்களுக்குப் பயம்:
அது யாரோ ஒருவருடையது.

பத்தாவது தோளில் ஈரத் துவாய்.
காலில் நீல வார் செருப்பு.
இடுப்பில், பிள்ளையை வைத்த வாக்கில்,
சேலைத் துண்டில் சுற்றிய ரைஸ் குக்கர்.
"சுவிட்ச் கீழ நிக்குதில்ல" என்றாள், நாங்கள் கேட்காமலே.
"மஸ்கெலியாவுல ஒரு பொடியன் பார்ப்பான்.
இதுதான் குறுக்குப் பாதை.
நீங்க எங்க?"

கிருபாகரன் நீலக்கோட்டைக் காட்டினான்.
"சும்மா, நடக்க" என்றாள் ரிஸ்மியா.
"சும்மாவா."
கேலி இல்லை அதில்.
கடையில் ஒன்றை எடுத்து, விலை கேட்டு,
இருந்த இடத்திலேயே வைப்பது போல.
பிறகு முன்னால் நடந்தாள்.
செருப்பு குதிகாலில் அடிக்கும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
ஒன்பது சப்பாத்துக்கள் இல்லை, பதினெட்டு
வழுக்கி வழுக்கி இறங்கின.

பாறையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிரித்தோம்.
அவள் குக்கரைத் திறந்தாள்.
உள்ளே நாலு கொய்யாக்காய்.
"பொடியன் கூலி கூட்டிக் கேட்டா குடுக்க."
நாலையும் தந்துவிட்டாள்.
பேனாக்கத்தியால் நாலைப் பத்தாய் வெட்டுவது
லேசில்லை. பொன்னுத்துரை வெட்டினார்,
விதைகூடப் பிசகாமல்.

அப்போதுதான் மூட்டம் கிழிந்தது.
கீழே மவுஸ்ஸாகலை,
வெயில் ஒரு மூலையில் மட்டும்.
யாரும் பேசவில்லை. தில்ருக் கலண்டர் தாளை
நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தான்.
"இந்தத் தண்ணியிலதான் கரண்ட் எடுக்கிறாங்களாம்" என்றாள் அவள்,
உப்பு ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே.
"இவ்வளவு தண்ணி.
சுவிட்ச் மட்டும் நிக்குதில்ல."

தார் ரோட்டில் அவள் திரும்பிவிட்டாள்.
போய்வருகிறேன் இல்லை. பெயரும் நாங்கள் கேட்கவில்லை.
ஈரத் துவாய், பிறகு நீல வார்,
பிறகு ஒரு லொறி குறுக்கே.

அட்டன் பஸ்ஸில் ஏறியதும்
"எத்தனை?" என்றார் கண்டக்டர்.
"பத்து" என்று சொல்லி,
நாக்கைக் கடித்து, "ஒன்பது" என்றேன்.
மிச்சக் காசைத் தந்தார்.
எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
பொன்னுத்துரை மட்டும்
அதைப் பார்த்துவிட்டார்.